கேள்வி – பதில்: எனக்குப் பொருந்துகிற குடிமீட்புக் கூட்டம் எது?

குடியை விட முயல்கிறவர்களும் அவர்களுடைய வீட்டாரும் எழுதிய கடிதங்களை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொண்டேன். பெயர், ஊர் எதுவும் போடவில்லை, ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் எடுத்துவிட்டேன். கேள்விகள் வேறு வேறாக இருந்தாலும் பலரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். கூட்டத்துக்குப் போக வேண்டும் என்று தெரிகிறது, எந்தக் கூட்டத்துக்கு என்று தெரியவில்லை.

எனக்கு 34 வயது. பல வருடக் குடி. நண்பன் சொன்னதால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் ஒன்றுக்குப் போனேன். இருந்தவர்கள் எல்லாம் என் அப்பா வயதுக்காரர்கள். வேலை போனது, குடும்பம் பிரிந்தது, ஆஸ்பத்திரியில் கிடந்தது என்று பேசினார்கள். எனக்கு வேலையும் இருக்கிறது, வீடும் இருக்கிறது. பாதியில் எழுந்து வந்துவிட்டேன். இது எனக்குச் சரிப்படாது என்று தோன்றுகிறது. நான் நினைப்பது சரியா?

அந்தக் கூட்டம் உங்களுக்குச் சரிப்படாமல் இருக்கலாம். ஆனால் அந்த ஒன்றை வைத்து மொத்தத்துக்கும் முடிவு கட்டாதீர்கள். ஏஏ, அதாவது நீங்கள் போன ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கிற அமைப்பு. அதில் ஒவ்வொரு குழுவும் தன்னைத்தானே நடத்திக்கொள்கிறது, மேலே உட்கார்ந்து உத்தரவு போடும் தலைமை கிடையாது. அதனால் ஒரே நகரத்தில் இரண்டு குழுக்கள் இரண்டு உலகமாக இருக்கும். ஒன்றில் ஒருவர் மட்டும் தன் கதையை நீளமாகச் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள். இன்னொன்றில் சுற்றி உட்கார்ந்து ஆளுக்குச் சில நிமிடம் பேசுவார்கள். வேறொன்றில், குடியிலிருந்து மீள ஏஏ வகுத்திருக்கிற பன்னிரண்டு படிகளில் ஒரு படியை எடுத்து வாசித்துப் பேசுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கென்றே தனிக் கூட்டங்கள் உண்டு, இளைஞர்களுக்கு உண்டு, பெண்களுக்கு உண்டு. குடிப்பழக்கம் இருக்கிறதோ இல்லையோ யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பது திறந்த கூட்டம். குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் மட்டும் வரலாம் என்பது மூடிய கூட்டம். பேசுவதற்குக் கூச்சமாக இருந்தால் ஒருவர் மட்டும் பேசும் திறந்த கூட்டத்தில் தொடங்குங்கள். அங்கே உங்களை யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள். மற்ற இடங்களிலும், இன்று கேட்க மட்டும் வந்தேன் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள்.

வயது விஷயத்துக்கு வருகிறேன். இந்த இயக்கம் எப்படித் தொடங்கியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1935-இல் பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரர் வேலை விஷயமாக அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குப் போயிருந்தார். போன காரியம் நடக்கவில்லை. குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, தங்கியிருந்த ஓட்டலில் மதுக்கூடம் பக்கத்திலேயே இருந்தது. அவர் உள்ளே போகாமல் தொலைபேசியை எடுத்தார், தன்னைப் போலவே குடியோடு போராடுகிற ஒரு ஆளிடம் பேச வேண்டும் என்று தேவாலயங்களாக அழைத்துப் பார்த்தார். அப்படித்தான் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் வந்து சேர்ந்தார். கால் மணி நேரம்தான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்த மருத்துவர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10. அதைத்தான் ஏஏ தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. அப்போது வில்சனுக்கு 39 வயது, மருத்துவருக்கு 55. வயது ஒட்டவில்லை, தொழில் ஒட்டவில்லை. மருத்துவருக்கு அதற்கு முன்னும் எத்தனையோ பேர் புத்தி சொல்லியிருந்தார்கள், ஆனால் தானே குடித்துச் சீரழிந்த ஒருவர் எதிரில் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆகவே அடுத்த முறை போகும்போது, இவருக்கு நடந்தது எனக்கு நடந்ததா என்று கணக்குப் பார்க்காதீர்கள். குடிப்பதற்கு முன்னால் அவருக்குள் என்ன ஓடியது, பாட்டிலை எங்கே மறைத்தார், வீட்டில் என்ன பொய் சொன்னார், மறுநாள் காலையில் தனக்குத்தானே என்ன சத்தியம் செய்தார் என்பதைக் கேளுங்கள். அதில் உங்கள் கதை எங்காவது வருகிறதா பாருங்கள். வேலையும் வீடும் இன்னும் இருக்கிறது என்பது நல்ல செய்திதான். அவை போகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்று எந்தக் கூட்டத்திலும் விதி இல்லை. ஏஏ-வில் சேர ஒரே ஒரு தகுதிதான், குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம்.

குறைந்தது ஐந்தாறு வெவ்வேறு கூட்டங்களுக்காவது போங்கள். ஒவ்வொன்றிலும் கடைசி வரை இருங்கள், முடிந்ததும் உடனே ஓடிவிடாதீர்கள். பல பேருக்கு உண்மையான பேச்சு கூட்டம் முடிந்த பிறகு, நாற்காலிகளை மடக்கி வைக்கிற நேரத்தில்தான் நடக்கிறது. எந்தக் கூட்டத்தைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: நேற்று குடித்துவிட்டேன் என்ற உண்மையை இவர்களிடம் சொல்ல முடியுமா? முடியும் என்று மனது சொன்னால் அதுதான் உங்கள் கூட்டம். இடம் வசதியாக இருப்பது, ஆட்கள் படித்தவர்களாக இருப்பது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவன் நான். கூட்டத்தில் பிரார்த்தனை சொல்கிறார்கள், உயர்ந்த சக்தி என்கிறார்கள். நம்பாததை நம்புவது போல நடிக்க என்னால் முடியாது.

நடிக்கவே வேண்டாம். பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார் என்பது உண்மை, அதை மழுப்ப விரும்பவில்லை. ஆனால் "நாங்கள் புரிந்துகொண்ட விதத்தில்" என்ற சொற்களும் அங்கேயே இருக்கின்றன, தொடக்க காலத்தில் இருந்த நம்பிக்கையற்ற உறுப்பினர்கள் வாதாடியதால் வந்த சொற்கள் அவை. குழுவையே தங்களைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் குடிக்காமல் இருக்கிற நாத்திகர்கள் ஏஏ-வில் நிறைய உண்டு. நம்பிக்கையற்றவர்களுக்கான ஏஏ குழுக்களும் இருக்கின்றன, அங்கே பிரார்த்தனை இருக்காது.

அதுவும் ஒத்துவரவில்லை என்றால் ஸ்மார்ட் ரெக்கவரி என்ற அமைப்பைப் பாருங்கள். 1994-இலிருந்து இந்தப் பெயரில் இயங்குகிறது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளவியல் முறைகளை வைத்து நடத்துகிறார்கள், படிகள் கிடையாது, "நான் குடிநோயாளி" என்று சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ளவும் வேண்டாம். குடிக்க வேண்டும் என்ற உந்துதல் வந்தால் அந்த நேரத்தை எப்படிக் கடப்பது, குடிப்பதால் கிடைப்பது என்ன இழப்பது என்ன என்று காகிதத்தில் எழுதிப் பார்ப்பது, இப்படிக் கையில் பிடிக்கிற மாதிரியான பயிற்சிகள் இருக்கும். பயிற்சி பெற்ற ஒருவர் கூட்டத்தை நடத்துவார். ஒருவர் பேசியதற்கு மற்றவர் பதில் சொல்லலாம், கேள்வி கேட்கலாம். ஏஏ கூட்டங்களில் பெரும்பாலும் அப்படிக் குறுக்கே பேசுவதில்லை, ஒருவர் சொல்வதை மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். சிலருக்கு அந்த மௌனம் பிடிக்கும், சிலருக்குப் பதில் வேண்டும். நீங்கள் எந்த வகை என்று உங்களுக்குத்தான் தெரியும். மதச்சார்பற்ற இன்னொரு அமைப்பு லைஃப்ரிங், அதுவும் ஆன்லைனில் கூட்டங்கள் நடத்துகிறது.

ஏஏ-வால் பலன் உண்டா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கும் ஒரு தகவல். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் அதிகமானவர்களை வைத்துப் பார்த்தது. ஏஏ-வையும் பன்னிரண்டு படிகளையும் முறையாக அறிமுகப்படுத்தி அங்கே போக வைக்கும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட நன்றாக வேலை செய்தது. அதற்காக எல்லாருக்கும் அது மட்டும்தான் வழி என்று நான் சொல்ல மாட்டேன். போகப் பிடிக்காத கூட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நீங்கள் போகப்போவதில்லை.

நான் ஒரு பெண். நான் குடிப்பது வெளியே யாருக்கும் தெரியாது. போன கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். முடிந்ததும் ஒருவர் வந்து, தனியாகச் சந்திக்கலாம், நான் உதவுகிறேன் என்று எண் கேட்டார். பயந்துவிட்டேன்.

நீங்கள் பயந்ததில் தவறே இல்லை. உடைந்துபோய் வருகிற புதியவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், உதவி என்ற பெயரில் நெருங்கப் பார்க்கிறவர்கள் இந்தக் கூட்டங்களிலும் உண்டு. இதை வெளிப்படையாகச் சொல்லாமல் மூடி மறைப்பது மிகப் பெரிய துரோகம். அவர் நல்ல எண்ணத்தில்கூடக் கேட்டிருக்கலாம். ஆனால் ஸ்பான்ஸர் விஷயத்தில் பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்பதுதான் நெடுநாள் வழக்கம், அது தெரிந்தவர் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஸ்பான்ஸர் என்றால் சில காலமாகக் குடிக்காமல் இருக்கிற, படிகளில் உங்களைக் கூட்டிச்செல்கிற, நடுராத்திரியில் கை நடுங்கும்போது நீங்கள் போன் செய்யக்கூடிய ஆள். அந்த ஆளை அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எண்ணைக் கொடுக்காமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, காரணமும் சொல்ல வேண்டியதில்லை. மறுபடி தொந்தரவு செய்தால் கூட்டத்தை நடத்துகிறவரிடம் சொல்லுங்கள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றால் அந்தக் குழுவை விட்டு வெளியே வாருங்கள், குடியை விடும் முயற்சியை மட்டும் விடாதீர்கள்.

பெண்கள் மட்டும் கூடும் ஏஏ கூட்டங்களைத் தேடுங்கள். பக்கத்தில் இல்லையென்றால் ஆன்லைனில் இருக்கும். விமன் ஃபார் ஸோப்ரைட்டி என்று பெண்களுக்காகவே 1975-இல் தொடங்கிய அமைப்பும் இருக்கிறது. ஜீன் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பெண், தானும் குடியிலிருந்து மீண்டவர், பெண்களுக்கு வேறு விதமான ஆதரவு தேவை என்று நினைத்து உருவாக்கியது. குடிக்கிற பெண் ஏற்கெனவே வெட்கத்தில் புதைந்து கிடக்கிறாள், அவளை மேலும் தாழ்த்திப் பேச வைப்பதைவிட அவளுடைய தன்மதிப்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் பார்வை. உங்கள் கடிதத்தின் மீதிப் பகுதியைப் படித்தபோது இதுதான் உங்களுக்குப் பொருந்தும் என்று பட்டது.

தினமும் நிறையக் குடிக்கிறேன். காலையில் ஒரு வாய் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது. இன்றோடு நிறுத்திவிட்டு நாளைக்கே கூட்டத்துக்குப் போகலாம் என்று முடிவு செய்துவிட்டேன். வாழ்த்துங்கள்.

வாழ்த்துகிறேன், ஆனால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். தயவுசெய்து இதை அலட்சியம் செய்யாதீர்கள். காலையில் குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது என்றால் உங்கள் உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டது. திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாள் வாக்கில் இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவது, காய்ச்சல் என்று டெலிரியம் ட்ரெமென்ஸ் எனப்படும் நிலை வரலாம், கவனிக்காவிட்டால் உயிர் போகும். இதற்கு முன்னால் நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். மருத்துவர்கள் மருந்து கொடுத்து, பி1 வைட்டமின் கொடுத்து, சில நாட்களில் பத்திரமாக இந்தக் கட்டத்தைத் தாண்ட வைப்பார்கள். எந்தக் கூட்டமும் இந்த வேலையைச் செய்ய முடியாது. மருத்துவரைப் பார்க்கும் வரை நீங்களாக ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், இன்றே அவரிடம் போங்கள். கூட்டம் உங்களுக்காக அங்கேயேதான் இருக்கும், சிகிச்சையில் இருக்கும்போதே ஆன்லைனில் உட்கார்ந்து கேட்கவும் முடியும்.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். குழுவில் ஒரு மூத்த உறுப்பினர், மாத்திரையும் போதைதான், அதையும் விட்டால்தான் உண்மையான மீட்பு என்கிறார்.

விடாதீர்கள். அவர் மருத்துவர் அல்ல. உறுப்பினர்கள் யாரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏஏ-வே தன் வெளியீட்டில் சொல்லியிருக்கிறது. குடிக்கும் ஆசையைக் குறைக்கிற நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோஸேட் மாதிரியான மருந்துகளுக்கும் இதே பதில்தான். நீங்கள் முன்பு குடித்தவர் என்பதை உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், பழக்கமாகிவிடக்கூடிய மாத்திரைகளை அவர் தவிர்ப்பார். மாத்திரை பற்றி மறுபடி மறுபடி பேசுகிற குழுவாக இருந்தால் வேறு குழு பாருங்கள்.

என் கணவர் கூட்டத்துக்கு வர மறுக்கிறார். எப்படிக் கூட்டிப் போவது? அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கிற மாத்திரை இருக்கிறது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார்.

அந்த மாத்திரையைத் தொடாதீர்கள், அம்மா. பெரும்பாலும் அது டைஸல்ஃபிராம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இதயம் படபடத்து, இரத்த அழுத்தம் விழுந்துவிடும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாக முடியும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு வரலாம். சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும். தெரியாமல் கொடுத்தது ஒருநாள் தெரியவந்தால் அவர் உங்களை நம்புவதும் அதோடு போய்விடும்.

அவரைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போக வழி கேட்கிறீர்கள். நான் வேறொன்று சொல்கிறேன், முதலில் நீங்கள் ஒரு கூட்டத்துக்குப் போங்கள். குடிக்கிறவர்களின் குடும்பத்தாருக்கென்று ஆல்-அனான் என்ற அமைப்பு 1951-இலிருந்து இருக்கிறது, தொடங்கியவர்களில் ஒருவர் பில் வில்சனின் மனைவி லோயிஸ். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அலாட்டீன் 1957-இல் வந்தது, உங்கள் பெரிய மகளுக்கு அது உதவும். அங்கே போனால் கணவரைத் திருத்தும் வித்தை கிடைக்குமா என்றால் கிடைக்காது. அவருடைய குடிக்கு நீங்கள் காரணம் இல்லை, அதைக் கட்டுப்படுத்தவோ குணப்படுத்தவோ உங்களால் முடியாது என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் பாட்டிலைத் தேடிக் கொட்டுவது, அவர் அலுவலகத்துக்குப் போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொல்வது, அவர் கடனை நீங்கள் அடைப்பது, இதையெல்லாம் வருடக்கணக்காகச் செய்து களைத்துப்போனவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். எதை நிறுத்தினார்கள், நிறுத்தியபோது வீட்டில் என்ன நடந்தது என்று அவர்கள் வாயாலேயே கேட்கலாம். ஏஏ-வின் திறந்த கூட்டம் ஒன்றுக்கும் தனியாகப் போய்ப் பாருங்கள். குடியை விட்ட ஆண்களும் பெண்களும் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தால், அவர் தெளிவாக இருக்கிற ஒரு காலை நேரத்தில், நான் போய்ப் பார்த்தேன், இப்படி இருந்தது என்று சண்டை இல்லாமல் சொல்ல முடியும். அவர் கை ஓங்குகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் பாதுகாப்பும் பிள்ளைகளின் பாதுகாப்பும்தான் முதல் வேலை. அவர் திருந்தட்டும் என்று காத்திருக்காமல், உடனே போய்த் தங்க ஒரு இடத்தையும் உதவிக்கு ஒரு ஆளையும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

தெரிந்தவர் யாராவது அங்கே இருந்தால் என் மானம் என்னாவது? கட்டணம் எவ்வளவு?

அவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே வந்திருப்பார். முதல் பெயர் மட்டும் சொன்னால் போதும். அங்கே பார்த்தவர்களை, கேட்டவற்றை வெளியே சொல்லக் கூடாது என்பது எல்லாரும் மதிக்கிற வழக்கம். ஆனால் அது சட்டம் இல்லை, வழக்கம்தான். ஆகவே வேலை செய்கிற இடம், வழக்கு விவகாரம் போன்றவற்றைப் பொதுவில் பேசாமல் நம்பகமான ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். கட்டணம் ஏஏ-வில் கிடையாது. ஒரு பையோ தட்டோ சுற்றி வரும், விருப்பமிருந்தால் போடலாம், புதியவர்கள் போட வேண்டியதே இல்லை. வெளியாரிடமிருந்து அவர்கள் நன்கொடையும் வாங்குவதில்லை. குழுவில் சேரப் பெரிய தொகை கேட்கிறார்கள் என்றால் அது ஏஏ அல்ல, விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஆன்லைன் கூட்டம் மட்டும் போதுமா?

நடமாட முடியாதவர்களுக்கு, இரவு வேலை பார்க்கிறவர்களுக்கு, பக்கத்தில் கூட்டமே இல்லாதவர்களுக்கு அது பெரிய வரம். எந்த நேரத்திலும் உலகத்தில் எங்கோ ஒரு கூட்டம் நடந்துகொண்டிருக்கும். ஆனால் கேமராவை அணைத்துவிட்டு, பெயரை மாற்றிக்கொண்டு, யாரிடமும் பேசாமல் கேட்டுவிட்டுப் போவது எளிதாகிவிடுகிறது, குடியும் அப்படித் தனிமையில்தான் வளர்கிறது. ஆன்லைனில் போனாலும் ஒரே குழுவுக்குத் தவறாமல் போங்கள், முகத்தைக் காட்டுங்கள், இரண்டு பேர் எண்ணையாவது வாங்குங்கள். நேரில் போகிற கூட்டங்களைத் தேட ஏஏ-வின் மீட்டிங் கைட் செயலி இருக்கிறது, உங்கள் பகுதி ஏஏ-வின் இணையதளத்திலும் பட்டியல் இருக்கும். பட்டியல்கள் பழையதாகிவிடுவதுண்டு, போகிறதுக்கு முன்னால் ஒரு போன் செய்து இடம், நேரம், திறந்த கூட்டமா மூடிய கூட்டமா, எந்த மொழியில் பேசுவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற புதியவர் மறுபடி கிளம்புவது கஷ்டம்.

எட்டு மாதம் குடிக்காமல் இருந்தேன். போன வாரம் ஒரு கல்யாணத்தில் சறுக்கிவிட்டேன், ஒரே நாள்தான். எல்லாரும் கைதட்டிப் பதக்கம் கொடுத்த அதே குழுவுக்கு எந்த முகத்தோடு போவது? வேறு குழுவில் புதியவனாகச் சேர்ந்துவிடலாமா? ஸ்பான்ஸர் உட்பட மூன்று பேர் எண் என்னிடம் இருக்கிறது, யாரையும் அழைக்கவில்லை.

வேறு குழுவுக்கும் போங்கள், தடையில்லை. ஆனால் மறைப்பதற்காகப் போகாதீர்கள். அந்தக் குழுவில் நாள் கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள், அவர்களை நீங்கள் ஏளனமாகப் பார்த்தீர்களா? எட்டு மாதத்தில் கற்றது எதுவும் ஒரே நாளில் அழிந்துபோகவில்லை. எதனால் சறுக்கியது என்பதுதான் இப்போது முக்கியம். கூடவே நின்ற நண்பர்களா, அன்றைக்குச் சாப்பிடாமல் இருந்ததா, தூக்கம் இல்லாததா, அதற்கு முந்தைய இரண்டு வாரம் கூட்டத்துக்குப் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவா? என் கணிப்பு கடைசிக் காரணம்தான், ஆனால் உங்கள் ஸ்பான்ஸருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவரை அழைப்பது கூச்சமாக இருந்தால் மற்ற இரண்டு எண்களில் யார் முதலில் எடுக்கிறாரோ அவரிடம், "போன வாரம் குடித்துவிட்டேன், இன்றைக்குக் கூட்டத்துக்கு வருகிறேன், கூட வர முடியுமா" என்று கேளுங்கள்.